யாழை மீட்ட அடிகளார்

முத்தமிழ் என்னுஞ் சொல்லை நாம் மேடைதோறும் வழங்குகின்றோம். ஆயின், அச்சொல் குறிக்கும் மூன்றனுள் இயல் ஒன்றே நம் தமிழ் வகுப்பினுள் நுழைகின்றது. இசை வேறொரு பாடம். அதற்கு வேறோர் ஆசிரியர், வேறொரு பரீட்சை. நாடகமோ ஆண்டுவிழா அணுகும்போது மட்டும் நினைவுக்கு வருவது. பண்டிதர் பாடத் தெரியாதவராகவும், பாடகர் தாம் பாடும் பாட்டின் பொருள் தெரியாதவராகவும், கணிதம் கற்றவர் இவ்விருவரையும் அறியாதவராகவும் தத்தம் அறைகளுள் அமர்ந்திருக்கின்றோம். இந்நிலை இன்று தோன்றியதன்று. நூறாண்டுகட்கு முன்னரே இந்தச் சுவர்களைக் கண்டு மனம் பொறாது, ஒரே வாழ்நாளில் அவற்றைக் கடந்து காட்டிய பெரியார் ஒருவர் நம் கிழக்கிலங்கையிலே தோன்றினார். நாடகத் தமிழுக்கு ஒரு நூலும் இசைத் தமிழுக்கு ஒரு நூலுமாக இரண்டு நூல்களைத் தந்து, முத்தமிழ் என்னுஞ் சொல்லுக்குப் பொருள் கொடுத்த விபுலானந்த அடிகளாரே அவர்.

அடிகளாரின் திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டாத தமிழ்ப் பாடசாலை கிழக்கு மாகாணத்தில் அரிது. அவருடைய யாழ்நூலைத் தொடக்கமுதல் இறுதிவரை கற்றவரோ அதனினும் அரியர். ஆதலின், அந்நூலை மீண்டும் ஒருமுறை கையிலெடுத்து, அதனை இயற்றுதற்கு எத்தகைய வாழ்க்கை வேண்டியிருந்தது என்பதை ஈண்டுக் கூற விழைகின்றேன். அவ்வாழ்வை அறிந்தாலன்றி அந்நூலின் அமைப்பு விளங்காது என்பது, பல ஆண்டுகள் அதனோடு பழகிய என் துணிபு.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலோரமாக அமைந்த காரைதீவில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராக 1892-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகி அம்மனின் ஊர். ஆண்டுதோறும் வைகாசித் திங்களில் அங்கே குளிர்த்தி விழா நிகழும். கண்ணகி வழக்குரைத்த கதை பாட்டாக ஓதப்படும். தமிழகத்திலே சிலப்பதிகாரம் ஏட்டிலிருந்து அச்சேறிப் புலவர் கைகளைச் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. மட்டக்களப்புக் கடலோரத்திலோ, எழுத்தறியாத மூதாட்டியரும் கண்ணகி கதையை அறிந்திருந்தனர். பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து ஓர் இசைக்கருவியை மீட்டெடுக்கப் போகின்றவர் அத்தகைய ஊரிற் பிறந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்ற மயில்வாகனனார், 1908-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதிலே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். பின்னர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் பயிற்சியும் பெற்றார். அத்துடன் அமைந்துவிடாது, 1915-இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து அறிவியல் பயின்று, மறு ஆண்டில் அதற்குரிய சான்றிதழைப் பெற்றார். அதே 1916-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார்.

இவ்விரண்டு பரீட்சைகளையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். பகலில் ஆய்வுகூடத்தில் அமிலங்களையும் அளவுகோல்களையும் கையாண்டவர், இரவில் தொல்காப்பியத்தையும் உரையாசிரியர்களையும் கற்றிருக்கின்றார். அக்காலத்து ஆங்கிலங் கற்றார் தமிழைத் தாழ்வாக நோக்கினர். தமிழ் கற்றார் ஆங்கில அறிவியலை அயலதென்று ஒதுக்கினர். இளைஞர் மயில்வாகனனாரோ இரு திறத்தார்க்கும் உறவினரானார். 1917-இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராகவும் அமர்ந்தார். பண்டிதரும் பீ.எஸ்ஸி. பட்டதாரியும் ஒருவரே என்னும் புதுமையை அன்றைய யாழ்ப்பாணம் கண்டது.

யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த அவ்வாண்டுகளில், ஊரின் பெயரிலே யாழ் இருந்தது. ஊரில் ஒரு யாழும் இல்லை. யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலம் என்னுங் கதையைச் சிறுவரும் கூறுவர். ஆனால் அவன் கையிலிருந்த கருவி எவ்வடிவினது, எத்தனை நரம்பினது, எவ்வொலியினது என்று கேட்டால், கூறுவார் எவரும் இலர். ஈழத்தில் மட்டுமன்றித் தமிழகத்திலும் அதுவே நிலை. யாழென்பது வீணையின் பழம்பெயர் என்று கூறிக் கற்றோரிற் பலர் அமைதி கண்டனர்.

உத்தியோகமும் மதிப்பும் உயர்ந்து வந்த வேளையில் அவற்றைத் துறந்து, 1922-ஆம் ஆண்டில் அவர் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அங்கே பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பயிற்சி பெற்று, 1924-இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பூண்டு, விபுலானந்தர் ஆனார். துறவிக்கு ஏட்டுக் கல்வி எதற்கு என்று நினைப்பார் உளர். அம்மடமோ அவருக்கு எழுத்துப் பணியையே கொடுத்தது. தமிழில் இராமகிருஷ்ண விஜயத்தையும் ஆங்கிலத்தில் வேதாந்த கேசரியையும் நடத்தும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. இரு மொழிகளிலும் தெளிவாக எழுதும் பழக்கம் ஆங்கே உரம்பெற்றது.

துறவு பூண்ட அதே ஆண்டில், மதுரைத் தமிழ்ச் சங்க விழாவில் அவர் நாடகத்தைப் பற்றி ஆற்றிய உரையே, பின்னர் விரிந்து, 1926-இல் மதங்க சூளாமணி என்னும் நூலாக வெளிப்போந்தது. துறவி ஒருவர் நாடகத்தைப் பற்றி நூல் இயற்றுவதே ஒரு புதுமை. அந்நூலின் அமைப்பு அதனினும் புதுமை. மூன்று இயல்களால் ஆகியது அது. முதலாவதாகிய உறுப்பியல், சிலப்பதிகாரத்திலும் அதன் உரையிலும் கிடக்கும் பழந்தமிழ் நாடகச் செய்திகளைத் திரட்டுவது. இரண்டாவதாகிய எடுத்துக்காட்டியல், ஆங்கில மகாகவி சேக்சுபியரின் நாடகங்கள் பன்னிரண்டனை எடுத்து ஆராய்வது. மூன்றாவதாகிய ஒழிபியல், தனஞ்சயன் வடமொழியில் இயற்றிய தசரூபகத்தின் முடிபுகளைத் தமிழிற் தருவது. சேக்சுபியர் என்னும் பெயரையும் செகசிற்பியார் எனத் தமிழாக்கி, அக்கவிஞரை நம் வீட்டுத் திண்ணையிலே அமர்த்திவிட்டார் அடிகளார்.

தமிழ் இலக்கணம், ஆங்கில நாடகம், வடமொழி நாடகநூல் ஆகிய மூன்றையும் ஒரே நூலிற் கலத்தல் பொருந்துமா என்று வினவலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அடியார்க்குநல்லார் தம் உரையிற் பெயர் கூறும் பழைய இசை நாடக நூல்கள் பல அடிகளார் காலத்திற் கிடைத்தில. இலக்கணத்தின் சிதைவுகள் இருந்தன. அவ்விலக்கணம் வாழ்ந்த நாடகங்கள் இல்லை. எலும்பு இருந்தும் உடம்பு இல்லாத இடத்தில், உயிருள்ள வேறோர் உடம்பைக் கண்டு எலும்பின் தொழிலை அறிவதன்றி வேறு வழியில்லை. செகசிற்பியாரின் நாடகங்கள் அவருக்கு அவ்வாறு பயன்பட்டன. மறைந்த பொருளை நாடுவோன் ஒரு கதவை மட்டும் தட்டிக்கொண்டு நின்றால் ஆகாது. அயலார் வீட்டு வழியாகவும் உள்ளே செல்லல் வேண்டும். இம்முறையை அடிகளார் நாடகத்தில் முதலிற் பயின்றார். இசையில் அதனை முற்றுவித்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பெரிதும் உழைத்தது நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக. 1925-ஆம் ஆண்டில் ஈழம் திரும்பிய அடிகளார், இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பேற்றார். எமது திருக்கோணமலை இந்துக் கல்லூரியும் அவ்வாண்டிலே சங்கத்தின் ஆட்சிக்கு வந்தது. 1929-இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1960-களின் தொடக்கத்தில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது இவையும் கைம்மாறின. எனினும், எமது கல்லூரியின் பெயரில் இராமகிருஷ்ண சங்கத்தின் பெயர் இன்னும் நின்று நிலவுகின்றது.

கப்பல்கள் நங்கூரமிடும் இத்துறைமுக நகரத்துக்கும் யாழ்நூலுக்கும் பிறிதோர் உறவும் உளது. டச்சுக்குடாவின் ஒருபுறத்தே, கோட்டைக்குள் உயர்ந்து நிற்கும் சுவாமி மலைமேல் கோயில்கொண்ட கோணேசரைத் திருஞானசம்பந்தர் பாடியுள்ளார். ஈழத்துக்கு எழுந்தருளாமலே, இராமேச்சரத்திலிருந்து அப்பதிகத்தை அவர் அருளினார் என்பது பெரிய புராணங் கொண்டு நாம் அறிவது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துக் கடலில் தள்ளினர், பதிகம் அழிந்திலது. அதற்கு வகுக்கப்பட்ட பண் புறநீர்மை. இன்று ஓதுவார்கள் அப்பண்ணைப் பூபாளத்திற் பாடுகின்றனர். சம்பந்தர் காலத்தில், அவர் பாடப்பாடத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இட்டு வாசித்தபோது அப்பண் எவ்வாறு ஒலித்தது? கோணேசர் சந்நிதியில் அதிகாலையில் நிற்கும் எவர்க்கும் எழத்தக்க இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியே யாழ்நூலின் தேவாரவியல்.

1931-ஆம் ஆண்டில், இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அழைப்பை ஏற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் சிதம்பரம் சென்றார். பாரதியாரைப் புலவர் கூட்டம் முழுதும் ஏற்றுக்கொள்ளாத காலம் அது. அங்கே பாரதி பாடல்களைக் கற்பதற்கென்று மாணவரைக் கூட்டினார். அயலிலுள்ள திருவேட்களத்திற் சேரிக் குழந்தைகளுக்குத் தாமே சென்று பாடஞ் சொன்னார். சங்கநூல் கற்பித்த வாய், புதுக்கவிஞனையும் போற்றிற்று. எழுத்தறியாப் பிள்ளைக்கு அகரத்தையும் கற்பித்தது. 1933-இல் அப்பதவியை நீங்கிய பின்னரும் தமிழகத்தின் தொடர்பு அறவில்லை. அறிவியலைத் தமிழிற் கற்பித்தற்கு வேண்டிய கலைச்சொற்களை ஆக்கும் முயற்சியில் முன்னின்று, 1936-இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமையும் தாங்கினார்.

1939 முதல் இரண்டாண்டுகள் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்கள் இதழின் ஆசிரியராக விளங்கினார். தம் புலவர் நண்பர் கந்தசாமியாரின் மறைவுக்கு இரங்கி எழுதிய கங்கையில் விடுத்த ஓலை, பற்றறுத்த துறவியின் நெஞ்சிலும் நட்பு அறவில்லை என்பதைக் காட்டும். 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. மறு ஆண்டில் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் கொழும்பில் அமர்ந்தார். ஊர் பல மாறினும், இதழ் பல நடத்தினும், பத்தாண்டுக்கும் மேலாக அவர் உள்ளத்தைப் பிணித்திருந்தது ஒரு கருவியே. அதுதான் யாழ்.

யாழ்நூல் ஏழு இயல்களால் ஆகியது: பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். இப்பெயர்களின் வரிசையே நூலாசிரியரின் வழியைக் காட்டும். முதலிற் கருவியின் உடல், அடுத்து அதன் நரம்பு, அதனை அடுத்து நரம்பினின்று பிறக்கும் பாலைகள், பாலையினின்று பண், பண்ணினின்று தேவாரம். மரத்திலே தொடங்கித் திருமுறையிலே முடிகின்ற பயணம் அது.

கருவியின் உடலை அவர் எங்கே தேடினார்? ஆற்றுப்படை நூல்களில். பொருநராற்றுப்படை யாழின் பத்தருக்கு மானின் குளம்பு பதிந்த சுவட்டை உவமை கூறுகின்றது. நம்போன்ற பண்டிதர் அவ்வுவமையின் நயத்தை வியந்து, மாணவர்க்கு விளக்கி, அடுத்த அடிக்குச் சென்றுவிடுவோம். அடிகளாரோ அங்கேயே நின்றார். குளம்புச் சுவடு நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்தது. ஆகவே பத்தரும் அவ்வடிவினது. கோடு வளைந்தது, போர்வை தோலால் ஆயது, திவவு நரம்பை இறுக்குவது. இவ்வாறு உவமைகளிலிருந்து அளவுகளை உய்த்துணர்ந்து, பழைய சிற்பங்களோடு ஒப்பிட்டு, தச்சன் கையிற் கொடுக்கத்தக்க வடிவம் ஒன்றை அவர் அமைத்தார். புலவன் உவமையைத் தச்சன் அளவுகோலாக மாற்றுதற்கு, இரண்டையும் அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

அவ்வடிவத்திலிருந்து முதன்மையான ஓர் உண்மை வெளிப்பட்டது. யாழ் வேறு, வீணை வேறு. வீணையில் ஒரு நரம்பின்மேல் விரலை நகர்த்திப் பல இசைகளை எழுப்பலாம். யாழிலோ நரம்பு ஒவ்வொன்றும் ஒவ்வோர் இசைக்கு உரியது. ஆதலாலேதான் பேரியாழுக்கு 21, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புகளை எண்ணி வகுத்தனர் பழையோர். ஆதலாலேதான் அதன் கோடும் வில்போல வளைந்தது; நரம்புகள் வெவ்வேறு நீளத்தன ஆதல் வேண்டுமன்றோ?

இவ்விடத்திலிருந்து பண்டிதர் அறிவு மட்டும் போதாது, கணிதம் வருகின்றது. இசை ஏழும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப்படும். அவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என மாத்திரை வகுத்து, கூட்டுத்தொகை 22 என்றனர் முன்னோர். குரலிலிருந்து ஐந்தாம் நரம்பு இளி. இளியிலிருந்து ஐந்தாவது துத்தம். துத்தத்திலிருந்து ஐந்தாவது விளரி. இங்ஙனம் ஐந்தைந்தாக எண்ணிச் செல்லும் முறையிலே இசையெல்லாம் பிறக்கின்றன. குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள உறவு. கிரேக்க நாட்டுப் பைதகோரசு பெயரால் உலகம் போற்றும் உண்மையும் இதுவே.

இதனை என் மாணவர்க்குக் கூறியபோது அவர்கள் முகத்தில் ஐயமே தோன்றிற்று. ஆகவே, மீனவர் வீட்டுப் பிள்ளையொருவன் கொணர்ந்த தங்கூசி நூலை நீண்ட பலகையொன்றிற் கட்டி, 90 சென்ரிமீற்றர் நீளத்தில் மீட்டச் செய்தேன். அதனைக் குரலாகக் கொண்டு, சிறு மரக்கட்டையை 60 சென்ரிமீற்றரில் நிறுத்தி மீட்டியபோது இளி எழுந்தது. 45-இல் நிறுத்தியபோது மேலைக் குரல் எழுந்தது. பின்னர்க் கரும்பலகையிற் கணக்கிட்டோம். ஒன்றரையைப் பன்னிரு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வரும்; இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 வரும். இளியின் வழியாக ஏறிச்சென்றவனும் குரலின் வழியாக ஏறிச்சென்றவனும் ஒரே படியிற் சந்திக்க வேண்டும். ஆனால் ஒரு மயிரிழை விலகி நிற்கின்றனர். அந்த மயிரிழையை எங்கே வைப்பது என்பதே உலகத்து இசைநூலோர் அனைவரையும் வருத்திய வினா. சுருதி 22 ஆ, 24 ஆ என்று நம்மவர் வாதிட்டதும் இதன் பொருட்டே. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 24 என நிறுவினார். அடிகளார் 22 என்பதன் வழிநின்று ஆராய்ந்தார். தங்கூசியை மீட்டிய அம்மாணவர்க்கு அன்று முதல் சிலப்பதிகார உரையின் எண்கள் மனனம் செய்யும் எண்களாகத் தோன்றவில்லை.

யாழ் ஏன் மறைந்தது என்பதற்கும் இதனோடு தொடர்பு உண்டு. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்காது போயிற்று; யாழ்ப்பாணர் மனம் நொந்து தம் கருவியையே முறிக்க ஓங்கினார்; சம்பந்தர் தடுத்தருளினார். அப்பதிகத்தின் பண்ணுக்கு யாழ்முரி என்பதே பெயராயிற்று. பத்திச் சுவை மிக்க இவ்வரலாற்றினுள் ஓர் இசையியல் உண்மையும் இருப்பதாக யான் கருதுகின்றேன். நரம்புக்கு ஓரிசை என நிறுத்தப்பட்ட கருவியால், மிடறு வளைத்துக் குழைத்துப் பாடும் பாட்டு முழுவதையும் தொடர்தல் அரிது. மிடற்றிசை வளர வளர யாழ் பின்தங்கிற்று. விரலால் இழைக்கத்தக்க வீணை அதன் இடத்தைப் பற்றிற்று. பின்னர்த் தேவாரப் பண்கள் மறைந்தபோது, அவற்றை மீண்டும் வகுத்தற்கு யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை எருக்கத்தம்புலியூரிலே தேட வேண்டியதாயிற்று. தொலைத்தலும் தேடுதலும் நம் இசைக்குப் புதியன அல்ல.

தேடிக் கண்டதை அரங்கேற்றும் நாளும் வந்தது. சிதம்பரஞ் செட்டியார் என்னுஞ் செல்வர் பொருளுதவி புரிய, தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 1947-ஆம் ஆண்டு சூன் மாதம் 5, 6-ஆம் நாள்களில் யாழ்நூல் அரங்கேறியது. ஓடக்காரன் இல்லாத ஓடம், சம்பந்தர் பாடிய பாட்டின் வலியால் வெள்ளத்தைக் கடந்த தலம் அது. கடலோரத்தில் வாழும் நமக்கு அதன் அருமை எளிதில் விளங்கும். அடிகளார் ஆராய்ந்து கண்ட வடிவில் அமைந்த கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. அவை மீட்டவும் பட்டன. பல நூற்றாண்டுகளாக எழுத்துள் உறங்கிய ஒலி, அன்று மீண்டும் காற்றில் எழுந்தது.

அப்போது அவர் உடல் நலிந்திருந்தது. நூல் அரங்கேறி ஏழு வாரங்கூட நிறையவில்லை. 1947-ஆம் ஆண்டு சூலை மாதம் 19-ஆம் நாள் கொழும்பில் அடிகளார் மறைந்தார். அவர்க்கு அப்போது அகவை 55. அவர் வளர்த்த கல்லடிச் சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவரது உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. தம் நூலுக்கு எழுந்த மறுப்புகளுக்கு விடையிறுக்கவோ, தாம் கண்டதைக் கற்பிக்க ஒரு மாணவர் குழுவை உருவாக்கவோ அவருக்குக் காலம் இல்லாது போயிற்று. அந்த அகவையை யானும் எட்டியிருக்கின்றேன். ஆதலின் அவருக்குக் கிட்டாது போன ஆண்டுகள் எத்துணை மதிப்புடையன என்பதை இப்போது நன்குணர்கின்றேன்.

யாழ்நூலின் முடிபுகள் அனைத்தும் மறுக்கவொண்ணாதன என்று கூறுவது அடிகளாரின் நெறிக்கே மாறாகும். பழைய ஏழிசையை இன்றைய சுரங்களோடு பொருத்துவதிலே அறிஞரிடையே கருத்து வேறுபாடு இன்றும் உளது. அடியார்க்குநல்லார் பெயர் சுட்டிய பஞ்சமரபு, அடிகளார் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், 1970-களில் அச்சேறிற்று. அதனை அவர் கண்டிருப்பின் தம் நூலின் சில பகுதிகளை மாற்றி எழுதியிருத்தலுங் கூடும். அறிவியற் பயிற்சி பெற்றவர் ஆதலின், புதிய சான்று கண்டு பழைய முடிபை மாற்றுதலை அவர் இழுக்கென்று கருதியிரார்.

முடிபுகள் மாறலாம், அம்முடிபுகளுக்குச் சென்ற வழி மாறாது. ஆற்றுப்படையின் உவமை, சிற்பியின் உளி, தச்சனின் கோல், கணக்கனின் பின்னம், ஓதுவாரின் மிடறு ஆகிய ஐந்தும் ஒன்று கூடினாலன்றி யாழ் கிடைத்திராது. இவற்றுள் எதுவும் அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. எனவேதான் யாழ்நூல் கற்பார்க்கு அரிதாயிற்று. அதன் நடை உரையாசிரியர் நடையைத் தழுவியது. இசைவாணர் அதனைக் கண்டு அஞ்சுகின்றனர். அதன் பின்னங்களைக் கண்டு பண்டிதர் அஞ்சுகின்றனர். அறிவியல் மாணவர் அது தமக்குரிய நூல் என்றே அறியார். நூலைப் பூட்டி வைத்திருப்பது நூலாசிரியர் அல்லர், நம் பாடத்திட்டமே.

இவ்வாறே விடின், யாழ் இரண்டாம் முறை மறையும். முதன்முறை கருவி மறைந்தது. இம்முறை அதனை மீட்ட அறிவு மறையும். இதனைத் தடுத்தற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தமிழாசிரியர் ஒருவர், கணித ஆசிரியர் ஒருவர், சங்கீத ஆசிரியர் ஒருவர் ஆகிய மூவரும் ஒரே பாடசாலையில் உளர். திங்களுக்கு ஒருநாள், பாடசாலை விட்ட பின் ஒரு மணிநேரம், மூவரும் ஒரே மேசையில் யாழுறுப்பியலை விரித்து அமர்வாராயின் அது போதும். ஒருவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் கைகொடுப்பார். மயில்வாகனனார் என்னும் ஓர் இளைஞர் தனியே கற்றதை, நாம் மூவர் கூடியாவது கற்கலாகாதா? ஆண்டுக்கொரு முறை அவர் படத்துக்கு மாலை சூட்டும் கைகள், அடுத்த மார்ச்சுத் திங்களுக்குள் அவர் நூலின் முதல் இரண்டு இயல்களையேனும் புரட்டியிருத்தல் வேண்டுமென்பதே, ஆசிரிய அன்பர்கட்கு யான் விடுக்கும் வேண்டுகோள்.